கீப்பர் அண்ணனின் கடைசி இரண்டு சனிக்கிழமைகள்

சனிக்கிழமை காலைகளில் பூச்சோங் திடலோரம் என்னோடு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தோழிகளே, உங்களுக்கு என்னை நன்றாகத் தெரியும். நம் பிள்ளைகள் பந்தை மறந்து வெட்டுக்கிளியைத் துரத்திக்கொண்டிருக்கும்போதும் கோட்டருகே போய் நின்று கத்துகிறவள் நான். எந்தப் பிள்ளை விழுந்து தலையைத் தடவினாலும், அது யார் பெற்ற பிள்ளையானாலும், பயிற்சியாளரிடம் ஓடிப்போய், "வெளியே உட்கார வைங்க" என்று நச்சரிக்கிறவள். நீங்கள் எனக்கு 'ஆம்புலன்ஸ் அக்கா' என்று பெயர் வைத்திருப்பதும் தெரியும். கோபமில்லை. பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போய் மகனைக் குளிப்பாட்டும்போது காதுக்கு மேலே எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. நான் கழிவறைக்குப் போயிருந்த ஐந்து நிமிடத்தில் இன்னொரு பையனோடு முட்டிக்கொண்டிருக்கிறான். "ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா நீங்க என்னை ஸ்டாப் பண்ணிடுவீங்க லா" என்றான்.

கிளினிக்கில் பார்த்தார்கள். அவனுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் பயப்படுவதால்தானே அவன் மறைக்கிறான்? பயப்படாமல் இருந்தால் சொல்லியிருப்பானா? இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன், விடை தெரியவில்லை. அதனால் நான் ஏன் இப்படி ஆனேன் என்பதையாவது உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த பழைய அடுக்குமாடி ஒன்றில் மூன்றாவது மாடி வீடு. அம்மாவுக்கு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சனிக்கிழமையும் வேலை உண்டு. அப்பா ஒரு பல்கலைக்கழகத்தில் பஸ் ஓட்டினார். வார நாள்களில் மாணவர்களை விடுதிக்கும் வகுப்புக்கும் கொண்டுபோய் விடுவது, சனிக்கிழமைகளில் கால்பந்துக் குழுவை ஆட்டத்துக்கு ஏற்றிப் போவது. என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லாததால், அந்த ஒரு பருவம் முழுக்க நானும் அந்த பஸ்ஸில் போனேன். டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடியின் மேல் ஒரு மெத்தை. அதுதான் என் இடம். கீழேயிருந்து சூடு ஏறும். டீசலும் ஈரப் புல்லும் தோலும் வியர்வையும் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் பிள்ளைகளின் பூட்ஸைக் கழற்றும்போது அதில் பாதி வந்துவிடுகிறது. மீதிப் பாதியை எங்கும் நான் காணவில்லை.

அந்தக் குழு மிகப் பழையது. திடலோரத்துப் பலகை வீட்டில் பழைய தலைவர்களின் பெயர்களைத் தங்க நிறத்தில் எழுதிய பலகை ஒன்று இருந்தது. மேல் வரிசைப் பெயர்கள் மங்கி, எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். சுவர் முழுக்கக் குழுப் படங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் தொளதொள காற்சட்டையோடு நிற்கும் மெலிந்த இளைஞர்கள், ஆண்டுக்கு ஒரு முறை தொந்தியும் தொப்பியுமாகத் திரும்பி வந்து அந்த ஆண்டு மாணவர்களோடு மோதுவார்கள். அவர்களில் ஒருவர் நீதிபதி, ஒருவர் பல் மருத்துவர். திடலுக்குள் வந்துவிட்டால் எல்லாருக்கும் பழைய பட்டப்பெயர்தான். அதில் மட்டும் யாருக்கும் தப்பிக்க வழியில்லை.

பஸ்ஸுக்கென்றும் வழக்கங்கள் இருந்தன. ஜெயித்து வந்தால் பல்கலைக்கழகத்தின் முன்வாசல் வழியாக மூன்று முறை ஹாரன் அடித்து நுழைய வேண்டும். தோற்றால் பின்வாசல், சத்தமில்லாமல். அப்பாவுக்கு இதில் பெரிய பெருமை. ஹாரன் அடிப்பதற்கு முன்னால் சட்டைக் காலரைச் சரி செய்துகொள்வார்.

இன்னொரு வழக்கம் பின்கதவோரத்து இரும்புக் கம்பியில் இருந்தது. புதிதாகச் சேரும் ஆட்டக்காரர் முதல் பயணத்தில் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலைவர் சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "செரித்தா பஸ், திங்கால் டாலாம் பஸ்." பஸ்ஸின் கதை பஸ்ஸுக்குள்ளேயே இருக்கும் என்று மலாயில் சத்தியம். அது தொடங்கிய கதையை அப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார். எந்தக் காலத்திலோ ஒரு மாணவன் பெனால்ட்டியைத் தவறவிட்டு பஸ்ஸில் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறான். யாரோ அதை விடுதியில் போய்ச் சொல்ல, எல்லாரும் கிண்டல் செய்ய, அவன் படிப்பையே விட்டுப் போய்விட்டானாம். அதற்குப் பிறகு வந்த சத்தியம் அது. நல்ல மனதோடு உண்டானது என்பதை நீங்கள் மறக்கக் கூடாது. நானும் மறக்காமல் இருக்கத்தான் பார்க்கிறேன்.

எனக்கும் அந்தச் சத்தியத்தைச் செய்து வைத்தார்கள். குழுவின் தலைவர் ஒரு மலாய்க்கார அண்ணன். நான் கம்பியைப் பிடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். பள்ளியில் எந்தப் பரிசு வாங்கியபோதும் எனக்கு அவ்வளவு கர்வம் வந்ததில்லை.

குழுவின் கோல்கீப்பரைத்தான் நான் கீப்பர் அண்ணன் என்று கூப்பிடுவேன், கிள்ளானிலிருந்து வந்தவர். அப்பா இல்லை. அம்மா ஒரு பள்ளிக் கேன்டீனில் வேலை செய்தார். மூன்று ஆண்டுகள் அவர் மாற்று ஆளாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முந்தைய கீப்பர் பட்டம் வாங்கிப் போனதும் கடைசி ஆண்டில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. உயரம், பெரிய காதுகள். பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் என் தலையில் கையுறையால் தட்டிவிட்டு, "என்னா பாப்பா, இன்னிக்கு எத்தனை கோல் விடப் போறேன்?" என்று கேட்பார். நான் "அஞ்சு" என்பேன். "அடிப்பாவி" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் மெத்தைக்குப் பக்கத்தில் விழுவார்.

அரையிறுதி ஆட்டம் வேறொரு பல்கலைக்கழகத் திடலில் நடந்தது. காலையிலிருந்து மழை. இரண்டாம் பாதியில் எதிரணி ஆள் ஒருவன் தனியாகப் பந்தோடு வந்தான். கீப்பர் அண்ணன் அவன் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்தார். அவனுடைய முட்டி அண்ணனின் தலையில் இடித்தது. கொஞ்ச நேரம் கிடந்தார், எழுந்தார், கையைத் தூக்கிக் காட்டினார், ஆட்டம் தொடர்ந்தது. இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்ததும் கோச் தன் காரில் கிளம்பிவிட்டார். மற்றவர்கள் எதிரே இருந்த கடைக்கு மீ கோரெங் சாப்பிடப் போனார்கள். அப்பாவும் எனக்கு வாங்கி வரப் போனார். பஸ்ஸில் நானும் கீப்பர் அண்ணனும் மட்டும். நான் பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, ஸ்கோர் என்னா?"

"ரெண்டு ஒண்ணுண்ணே. நம்ம ஜெயிச்சிட்டோம்."

தலையை ஆட்டினார். நான் இரண்டு கணக்குப் போடுவதற்குள் மறுபடியும், "பாப்பா, ஸ்கோர் என்னா?" விளையாடுகிறார் என்று நினைத்து, சலிக்காமல் சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டார். எனக்கும் விளையாட வேண்டும் போலிருந்தது.

"பத்து ஒண்ணு!"

"பத்தா? சும்மா சொல்லாதே லா!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரித்தேன். வயிறு வலிக்கும் அளவுக்குச் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வாந்தி எடுத்தார். ஒரு முறையா இரண்டு முறையா என்பது இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்ததில் அதன் ஓரம் தேய்ந்துவிட்டது.

அப்பா பொட்டலத்தோடு ஏறியதும், "கீப்பர் அண்ணன் மறதி மாஸ்டர்ப்பா! மூணு தடவை ஸ்கோர் கேட்டாரு!" என்று வேடிக்கையாகத்தான் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. பையைப் பார்த்தார்.

"என்ன கீப்பரு?"

"ஒண்ணுமில்ல அங்கிள். வெயிலு."

"வெயிலா? காலையிலேருந்து மழைடா."

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அப்பா கதவுப் பக்கம் திரும்பினார். "கோச்சுக்குப் போன் போட்டு சொல்லிடறேன்."

அண்ணன் எழுந்து அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "அங்கிள், வேணாம் அங்கிள். மூணு வருஷம் பெஞ்சு. அடுத்த சனிக்கிழமை ஃபைனல். எங்கம்மா வராங்க. நான் ஆடி ஒரு தடவை கூட பார்த்ததில்ல அங்கிள்."

அண்ணன் பின்கதவுக் கம்பிவரை நடந்துபோய் அதைப் பிடித்துக்கொண்டார். "பஸ்ஸுல நடந்தது அங்கிள்."

அப்பா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு, "திரும்ப தலை சுத்துனா கிளினிக் போவியா?" என்றார்.

"சத்தியமா அங்கிள்."

"புதன்கிழமை டிரெய்னிங்ல நான் கேப்பேன்."

"கேளுங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. நானே ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பை யார் கண்ணிலும் படாமல் அப்பா அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். பிறகு எல்லாரும் ஏறினார்கள். முன்வாசலில் மூன்று ஹாரன் அடித்தோம்.

புதன்கிழமை அப்பா கேட்டிருக்கிறார். "சூப்பரா இருக்கேன் அங்கிள்" என்றாராம். அப்பா வீட்டில் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஃபைனல் அன்று கீப்பர் அண்ணனின் அம்மா கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். குழுவை ஏற்றப் போகும் வழியில் அப்பா அவரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார். குழு முழுவதற்கும் வாளி நிறைய வடை கொண்டுவந்திருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"நீ எல்லா ஆட்டத்துக்கும் போவியாம்மா?"

"ம்."

"என் மகன் நல்லா பிடிப்பானா?"

"போன வாரம் சூப்பரா பிடிச்சாரு ஆன்டி."

"மூஞ்சில கீஞ்சில படாம பிடிச்சா சரி" என்று சிரித்தார்.

கண்ணாடியில் அப்பாவின் கண்கள் என்னைப் பார்த்தன. நான் வடையைக் கடித்தேன். இப்போது என் மகனைப் பற்றி யாராவது என்னிடம் "நல்லாத்தான் இருக்கான்" என்று சொன்னால், சொல்கிறவர் வாயில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றுகிறது.

ஃபைனலில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தோம். முடியப் போகிற நேரத்தில் ஒரு கார்னர். எல்லாரும் எம்பினார்கள். கீப்பர் அண்ணன் எல்லாரையும்விட உயரமாக எம்பிப் பந்தைப் பிடித்தார். யாருடைய தோளோ தலையில் லேசாக இடித்தது. அவ்வளவுதான். பந்தோடு இறங்கினார். மெதுவாக உட்கார்ந்தார். பிறகு ஒருக்களித்துப் படுத்தார். பந்து நெஞ்சோடு இருந்தது. நேரத்தைக் கடத்துகிறார் என்று எதிர்ப்பக்கக் கூட்டம் ஊளையிட்டது. நடுவர் கடிகாரத்தைக் காட்டி எழுந்திருக்கச் சொன்னார். அந்த ஊளைக்கு நடுவே முதலில் எழுந்து நின்றவர் அவருடைய அம்மா.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் குழு முழுவதும் சேற்று பூட்ஸோடு நின்றது. ஒரு பெண் டாக்டர் வெளியே வந்து, இதற்கு முன்னால் தலையில் ஏதாவது அடி பட்டதா என்று கேட்டார். பழைய அடி ஒன்றின் மேல் இந்த அடி விழுந்ததுபோல் தெரிகிறது என்றார். கோச் யோசித்து, போன வாரம் முட்டி இடித்தது, ஆனால் அதற்குப் பிறகும் நன்றாகத்தான் ஆடினான், தலைவலி என்றுகூடச் சொல்லவில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. டாக்டர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "வாந்தி? மறதி? யாராவது கவனிச்சீங்களா?"

அப்பா சுவரோரம் நின்றார். என் கை அவர் கைக்குள் இருந்தது. அவர் விரல்கள் இறுகின. அது என்னைப் பேசாதே என்று சொல்வதற்காகவா, இல்லை அவரால் நிற்க முடியாமல் என்னைப் பிடித்துக்கொண்டாரா, இந்த வயதுவரை எனக்குத் தெரியாது.

திரும்பும்போது வாசல் வரும் முன்னரே அப்பா சாலையோரம் பஸ்ஸை நிறுத்திவிட்டார். கோப்பை முன் இருக்கையில் கிடந்தது. நாங்கள் ஜெயித்திருந்தோம். தலைவர் அண்ணன்தான் கடைசியில், "பின்னால போங்க அங்கிள்" என்றார்.

மூன்றாம் நாள் கீப்பர் அண்ணன் இறந்துபோனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போனார். சொல்லிவிடத்தான் போகிறார் என்று நான் நினைத்தேன். ரயிலில் அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஆனால் அந்த அம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "என் பையன் எப்பவும் உங்களப் பத்தித்தான் சொல்லுவான் தம்பி. டிரைவர் அங்கிள் என்னை சொந்தப் பிள்ளை மாதிரி பாத்துக்கிறாருன்னு" என்றதும், அப்பா டீயைக் குடித்து முடித்து எழுந்துவிட்டார். "வரேங்கா" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

அடுத்த பருவத்துக்கு முன்னால் அப்பா மாற்றல் கேட்டு வாங்கி அலுவலர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். பதினேழு வயதில், படிவம் ஐந்தில் படிக்கும்போது ஒரே ஒரு முறை, "ஏன்ப்பா சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா திரும்பி வந்துடுவானா?" என்றார். அந்தப் பதிலில் அந்த அம்மாவை மேலும் நோகடிக்கக் கூடாது என்ற எண்ணம் எவ்வளவு, வேலை போய்விடுமோ என்ற பயம் எவ்வளவு, கம்பியைப் பிடித்த கைக்குக் கொடுத்த வாக்கு எவ்வளவு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. போன வருடம் அப்பாவும் போய்விட்டார்.

என் மகனின் வீக்கம் வடிந்த வாரத்தில் கிள்ளானுக்குப் போனேன். "இவ்வளவு வருஷம் கழிச்சு எதுக்குக் கிளறுற? உங்கப்பா பேரும் கெடும்" என்றார் என் கணவர். அவர் சொன்னது தவறென்றும் சொல்ல முடியாது. காரைக் கிளப்பிவிட்டு, ஃபெடரல் ஹைவேயில் இரண்டு முறை திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

அன்று அப்பாவோடு வந்த அதே அடுக்குமாடி, வேறு நிறம். கதவைத் திறந்த கீப்பர் அண்ணனின் அம்மாவுக்கு எழுபது இருக்கும். யாரென்று சொன்னதும், "டிரைவர் தம்பி மகளா? அந்தக் குட்டியா?" என்று என் கன்னத்தைப் பிடித்தார். உட்காரச் சொன்னார். தரையில் செய்தித்தாள் விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். அவர் எதிரிலேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் சிரித்ததையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் விரல்கள் நிற்கவில்லை. கத்துவார், போகச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"உங்கப்பாவுக்கும் தெரியுமா?" என்றார்.

"தெரியும் ஆன்டி."

கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார்.

"முட்டி இடிச்ச அன்னிக்கு சாயங்காலம் இங்கதான் வந்தான். கதவுகிட்ட சாவிய வச்சிக்கிட்டு நிக்கிறான், தொறக்கத் தெரியல. ஞாயித்துக்கிழமை முழுக்கப் படுத்தே கிடந்தான். வெளிச்சம் கண்ணுல குத்துது, ஜன்னல சாத்துங்கம்மான்னான். டாக்டர்கிட்ட போலாம் வாடான்னேன். போனா எழுதிக் குடுத்துடுவாங்க, ஆட விடமாட்டாங்க, யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னான். நான் விட்டுட்டேன்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கேன்டீன்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன்மா, என் மகன் ஃபைனல் ஆடறான்னு. லீவு போட்டாச்சு. புதுச் சேலை எடுத்தாச்சு. அவன் மட்டுமா? எனக்கும்தான் ஆசை. அந்த டாக்டர் கேட்டப்ப நானும் அங்கதானே நின்னேன்? வாயத் தொறந்தேனா? இத்தனை வருஷமும் எனக்கு மட்டும்தான் தெரியும்னு இருந்தேன்."

"ஆன்டி, நீங்க..." என்று தொடங்கினேன்.

"ஆறுதல் சொல்லாதே. அத சொல்ல நிறைய பேர் வந்தாங்க." குரல் முதல் முறையாக உயர்ந்தது. "உங்கப்பா இங்க வந்து டீ குடிச்சாரே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தா, ஏன்யா மறச்சேன்னு அவர் சட்டைய பிடிச்சிருப்பேன். அவரும் என்னக் கேட்டிருப்பாரு, பெத்தவ நீ ஏன் அனுப்புனேன்னு. ரெண்டு பேரும் திட்டித் தீத்திருப்போம். ஒருத்தரும் என்னைக் கேக்கலம்மா. ஒருத்தரும்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கேளு."

"ஆன்டி, என்னால முடியாது."

"நீயும் புள்ள பெத்தவதானே? கேளு."

தோழிகளே, யார் மனமும் நோகப் பேசாமல் இருப்பதைத்தான் நான் இதுவரை நல்ல குணமென்று நம்பி வந்திருக்கிறேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மீன் வாசனையோடு சில்லென்றிருந்தது.

"ஏன் ஆன்டி அவர அனுப்புனீங்க?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லத் தொடங்கினார். மகன் பிறந்த நாளிலிருந்து தொடங்கினார். பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்படி கணவருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, பொழுது சாயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.